பங்கசு நோய்க்குத் தடுப்பூசி எப்போது வரும்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

உடலுக்குள் இறங்கும் பங்கசு நோய்களுக்குத் தடுப்பூசி செய்யும் முயற்சிகள் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நிலாவெளி முதல் மூதூர் வரை பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் பங்கசு வளர்த்துப் பார்த்தவள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: அக்கா, பிள்ளைகளுக்கு கிளினிக்கில் எத்தனையோ ஊசி போடுகிறார்கள். பங்கசுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

உண்மைதான் தங்கச்சி. மனிதருக்கென்று அங்கீகாரம் பெற்ற பங்கசுத் தடுப்பூசி உலகத்தில் எங்கேயும் ஒன்றுகூட இல்லை.

சுகமாக இருக்கிறவர்களைப் பங்கசு பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வொரு நாளும் அதன் வித்திகளை மூச்சோடு இழுக்கிறோம்; நுரையீரலில் காவல் இருக்கும் கலங்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. பெரும்பாலான பங்கசுகளுக்கு நம் உடற்சூடான 37 பாகை ஒத்துவருவதும் இல்லை. போலியோ போல ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் தாக்காததால் தடுப்பூசி செய்கிறவர்களின் கவனம் இந்தப் பக்கம் திரும்பப் பல காலம் பிடித்தது.

ஆனால் உண்மையான முடிச்சு வேறு. இது யாருக்கு வருகிறது என்று பாருங்கள். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி வெள்ளையணு விழுந்துபோனவருக்கு அஸ்பெர்ஜிலஸ் வருகிறது. எச்.ஐ.வி.யால் சிடி4 என்ற எதிர்ப்புக் கலங்கள் குறைந்தவருக்கு கிரிப்டோகொக்கஸ் வருகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய நாளத்தில் குழாயோடு கிடக்கிறவருக்கு கன்டிடா வருகிறது. தடுப்பூசி என்பது உடலின் எதிர்ப்புச் சக்திக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது. இவர்களின் உடம்பில் பாடம் படிக்க வேண்டிய கலங்களே இல்லை, அல்லது சோர்ந்து கிடக்கின்றன. ஊசி யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது குறைவாக வேலை செய்யும். இந்தத் துறையில் நடக்கும் எல்லா வேலையும் இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் நடக்கிறது.

கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர்: பக்டீரியாவுக்குச் செய்கிற மாதிரியே ஒரு துண்டை எடுத்து ஊசியாக்க முடியாதா, மிஸ்?

முயன்றிருக்கிறார்கள் தம்பி. ஆனால் பங்கசுக் கலம் நம் கலத்துக்குக் கிட்டத்து உறவு. கரு இருக்கிறது, நம்முடையதைப் போன்ற புரதங்கள் ஏராளம் இருக்கின்றன. நம்மிடம் இல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்துக் காட்ட வேண்டும். கலச் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி அப்படிப்பட்ட ஒன்று.

அடுத்தது, கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் செய்யும் புரதமான பிறபொருளெதிரி மட்டும் இங்கே போதாது. பெரும்பாலான பங்கசுகளை வெல்வதற்கு டி கலங்கள் என்ற எதிர்ப்புக் கலங்கள் சரியான கட்டளை கொடுத்து வெள்ளையணுக்களை அழைத்து வர வேண்டும். அந்த வகை எதிர்ப்பைத் தூண்டுவது கடினம். நெடுங்காலமாக ஊசிகளில் சேர்த்துவரும் அலுமினிய உப்பு பிறபொருளெதிரியைத்தான் நன்றாகக் கூட்டும்.

ஒரு காட்சி சொல்கிறேன். மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் நோயாளியின் முள்ளந்தண்டிலிருந்து எடுத்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு மை கலந்து, மூடிவைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். முழுவதும் கறுப்பு. கிரிப்டோகொக்கஸ் இருந்தால் அந்தக் கறுப்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றி மை புகாத அகலமான வெள்ளை வளையம். முதன்முதலில் பார்த்தபோது அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். அது யாருடைய மூளையைச் சுற்றியிருந்த நீர் என்று அடுத்த நொடி ஞாபகம் வந்து கை நடுங்கியது.

அந்த வளையம் ஒரு சர்க்கரைப் போர்வை. அதற்குள் ஒளிந்துகொண்டுதான் பங்கசு காவல் கலங்களிடமிருந்து தப்புகிறது. அந்தச் சர்க்கரையை ஏற்புவலித் தடுப்பூசியில் பயன்படும் புரதத்தோடு இணைத்து எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறபொருளெதிரி நிறைய வந்தது. அவற்றில் சில காப்பாற்றின, சில காப்பாற்றவில்லை. எது வருகிறது என்பதுதான் கணக்கு, எவ்வளவு வருகிறது என்பதல்ல.

அதே மாணவர்: அப்படியென்றால் எதுவரை வந்திருக்கிறார்கள்?

மனிதரில் நன்றாக முன்னேறிப் போனது என்.டி.வி-3ஏ என்ற ஊசி. கன்டிடா அல்பிகன்ஸ் திசுக்களைப் பற்றிக்கொள்ள உதவும் ஏ.எல்.எஸ்.3 என்ற புரதத்தின் ஒரு பகுதியால் ஆனது. திரும்பத் திரும்பப் பிறப்புறுப்பில் கன்டிடா தொற்று வரும் 188 பெண்களில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 40 வயதுக்குக் குறைந்தவர்களில், ஊசி போட்டவர்களில் 42 வீதத்தினருக்கு ஒரு வருடம் வரை அறிகுறி திரும்பவில்லை. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 22 வீதம்தான். அதற்கு மேற்பட்ட வயதினரில் அந்தப் பயன் தெரியவில்லை. இரத்தத்தில் இறங்கும் கன்டிடாவை இது மனிதரில் தடுக்கிறதா என்பது இந்தச் சோதனையின் கேள்வியே அல்ல. ஆனாலும் பங்கசுக்கு எதிரான ஊசி மனிதரில் வேலை செய்யக்கூடும் என்று காட்டியதே எனக்குப் பெரிய செய்தி.

தோல்வியும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பக்கத்து வறண்ட மண்ணில் கொக்சிடியோயிடிஸ் என்றொரு பங்கசு இருக்கிறது. அதன் தூசியைச் சுவாசித்தாலே நுரையீரல் நோய். 1980களில் கொன்ற பங்கசைக் கொண்டு ஏறக்குறைய 2,900 பேரில் சோதித்தார்கள், பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அப்புறம் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் சி.பி.எஸ்.1 என்ற ஒரு மரபணுவை நீக்கி, உயிரோடு இருந்தும் நோய் செய்யாத பங்கசை உருவாக்கினார்கள். அது நாய்களைக் காப்பாற்றியது. நாய்க்கென்று முதலில் கொண்டுவரும் வேலையில் இறங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தில் கேரன் நோரிஸ் குழு செய்த என்.எக்ஸ்.டி-2. அஸ்பெர்ஜிலஸ், கன்டிடா, நியூமோசிஸ்டிஸ் மூன்றுக்கும் ஒரே ஊசி. எதிர்ப்புச் சக்தி குறைக்கப்பட்ட எலிகளிலும் குரங்குகளிலும் பாதுகாப்புக் கொடுத்ததாக 2022இல் வெளியிட்டார்கள். சோர்ந்த உடம்பிலேயே சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம். சுகதேகியான எலியைக் காப்பாற்றும் ஊசியால் நமக்கு என்ன பயன்?

கிண்ணியாவிலிருந்து ஓர் ஆசிரியை: அப்பத்துக்கு மாப் புளிக்க வைப்பதும் பங்கசுதானே. குடலில் நல்ல பங்கசுகளும் இருக்குமாம். ஊசி போட்டால் எல்லாம் சேர்ந்து அழிந்துவிடாதா?

மிக நல்ல கேள்வி டீச்சர். மாவைப் பொங்க வைக்கும் மதுவமும் கன்டிடாவும் ஒரே பெரிய குடும்பம்தான். கன்டிடா நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும்போது பெரும்பாலும் உருண்டையாக இருக்கும்; திசுவுக்குள் நுழையும்போது நீண்டு நூலாகும். நான் சொன்ன ஏ.எல்.எஸ்.3 முக்கியமாக அந்த நூல் வடிவத்தில்தான் வெளிவரும். ஆகவே குடியிருக்கிறவனை விட்டுவிட்டு, கதவை உடைக்கிறவனைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது முழுக்க அப்படியே நடக்குமா என்பதைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும்.

தம்பலகாமத்து விவசாயி: வயலுக்கு இறங்கினால் கால்விரல் இடுக்கு அவிந்து போகிறது, முதுகில் படர்தாமரை. இதற்கு ஊசி வருமா?

இது தோலோடு நிற்பது ஐயா, பூச்சு மருந்து போதும். கடையில் தாமாக வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த பூச்சை மட்டும் போடாதீர்கள், படர்தாமரை இன்னும் பரவும். உங்கள் மாடுகளைப் பற்றி ஒரு சந்தோசமான செய்தி இருக்கிறது. மாட்டுக்கு வரும் படர்தாமரைக்கு சோவியத் ஒன்றியத்தில் உயிருள்ள பங்கசைக் கொண்டு ஊசி செய்தார்கள். நோர்வேயில் பண்ணை பண்ணையாக அதைப் போட்டு நோயை ஏறக்குறைய இல்லாமல் செய்தார்கள். பங்கசுக்குத் தடுப்பூசி சாத்தியமில்லை என்று யாராவது சொன்னால் நான் அந்த மாடுகளைத்தான் காட்டுவேன்.

மூதூரிலிருந்து ஒருவர்: சுகமாக இருக்கிறவர்களுக்கு வராது என்கிறீர்கள். பிறகு ஏன் பயம்?

பெரும்பாலும் வராது என்றேன் அண்ணா. ஆழிப்பேரலை முடிந்த அடுத்த வருடம், 2005இல், இலங்கையில் நடந்ததைச் சொல்கிறேன். குழந்தைப் பேற்றுக்காக முதுகில் விறைப்பு ஊசி போட்ட ஐந்து பெண்களுக்கு அஸ்பெர்ஜிலஸ் மூளைக்காய்ச்சல் வந்தது. அதற்கு முன் நல்ல சுகதேகிகள். சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. அனர்த்த உதவியாக வந்த பொருள்கள் குவிந்த நேரத்தில் சரியில்லாத களஞ்சியத்தில் ஈரத்தில் கிடந்த ஊசிக் குழாய்கள்மீதுதான் சந்தேகம் போனது. அந்தக் கடல் நம் கரையிலும் ஏறியது. கூடாரமும் பெட்டிகளும் நனைந்து கிடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காவல் கலங்களைத் தாண்டி நேராக உள்ளே செலுத்திவிட்டால் யாரையும் அது விடாது. இப்படியானதைத் தடுக்க ஊசி தேவையில்லை, காய்ந்த களஞ்சியம் தேவை.

பாலையூற்றிலிருந்து ஒரு தாதி: 2021இல் இந்தியாவில் கறுப்புப் பங்கசு என்று எத்தனை பேர். பணக்காரக் கம்பனிகள் ஏன் இதில் இறங்கவில்லை?

அது மியூகோர்மைகோசிஸ். கொரோனாவோடு கட்டுப்பாடில்லாத நீரிழிவும் கண்மூடித்தனமான ஸ்டீரொயிட்டும் சேர்ந்தபோது பாய்ந்தது. கண்ணை எடுத்து உயிரைக் காப்பாற்ற வேண்டி வந்தவர்கள் உண்டு. கம்பனிகள் இறங்காததற்குக் காரணம், நோயாளிகள் பல நாடுகளில் பல வார்டுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினமானதால், சோதனைக்கே பெருந்தொகை ஆட்களும் பணமும் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வந்த கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சலால் 2020இல் ஏறக்குறைய 1,12,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சகாரா பாலைக்குத் தெற்கே வாழ்ந்த ஏழைகள். வாங்க வசதியில்லாதவர்களுக்கு மருந்து செய்ய ஆள் இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம். உலக சுகாதார நிறுவனமே பங்கசுகளுக்கென்று முன்னுரிமைப் பட்டியல் போட்டது 2022இல்தான். 19 பெயர்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு மகள்: அம்மா சிறுநீரக மாற்றத்துக்குக் காத்திருக்கிறார். இந்த ஊசிகளில் ஏதாவது அவருக்குக் கிடைக்குமா?

இன்றைக்கு இல்லை தங்கச்சி. பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் ஊசி வந்தால் முதலில் போட வேண்டியவர்கள் உங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு உடல் அதைத் தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குவார்கள். அதற்கு முன் காத்திருக்கும் இந்த மாதங்களில் பாடம் படிக்கக் கலங்கள் இன்னும் இருக்கின்றன. நோய் வருவதற்கு முன், சக்தி விழுவதற்கு முன் என்ற அந்த இடைவெளிதான் ஆராய்ச்சியாளர்கள் குறி வைப்பது.

இப்போதைக்கு, சத்திரசிகிச்சைக்குப் பின் பங்கசுத் தடுப்புக் குளிசை தேவையா என்று சிறுநீரக டொக்டரிடம் நேராகக் கேளுங்கள். சீனி வருத்தம் இருந்தால் கட்டுக்குள் வைத்திருங்கள். வீடு இடிக்கும், கட்டும் தூசிக்குப் பக்கத்திலும், பசளைக் குவியல், பழைய வைக்கோல் கிளறும் இடத்திலும் அம்மாவை விடாதீர்கள். பின்னர் காய்ச்சல் வந்து நான்கைந்து நாளாகியும் மருந்துக்கு விடாவிட்டால், பங்கசு சோதித்தீர்களா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.