ப்ளூடூத்தே இல்லாத கன்ட்ரோலரை எந்த டிரைவரும் இணைக்காது

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: "மகனின் பிறந்தநாளுக்காக எஸ்.பி. ரோட்டில் கேம் விளையாடும் பழைய எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர் ஒன்றை 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். 'ப்ளூடூத் சார், எல்லாத்துலயும் ஓடும்' என்றார் கடைக்காரர். விண்டோஸ் 10 லேப்டாப், என் ஆண்ட்ராய்டு போன், வீட்டு ஆண்ட்ராய்டு டிவி ஆகிய மூன்றிலும் அதன் பெயரே வரவில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு மட்டும் வேகமாக மின்னுகிறது. அதே கடையில் கேட்டால், லேப்டாப்பில் டிரைவர் மென்பொருள் ஏற்ற 600 ரூபாயும், யுஎஸ்பி துளையில் சொருகும் ப்ளூடூத் டாங்கிளுக்கு 900 ரூபாயும் ஆகும் என்கிறார். தங்கை மகனின் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் போனில் உடனே சேர்ந்தது. லேப்டாப்பில் சேர்ந்தும் கேமில் அசையவில்லை. பழுது லேப்டாப்பிலா, கன்ட்ரோலரிலா?"

இரண்டிலுமே பழுது இல்லை என்றுதான் நீங்கள் எழுதியதை வைத்து நினைக்கிறேன். அந்த 600 ரூபாயையும் 900 ரூபாயையும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். முதலில் கன்ட்ரோலரின் பின்பக்க மூடியைத் திறந்து, இரண்டு பென்சில் செல்களையும் வெளியே எடுத்துவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண் என்னவென்று பாருங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருக்கும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும். அந்த எண் 1537 அல்லது 1697 என்றால் உங்கள் கன்ட்ரோலருக்குள் ப்ளூடூத் என்பதே கிடையாது. 1537 என்பது 2013இல் மைக்ரோசாஃப்டின் முதல் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' கேம் பெட்டியோடு வந்தது. 1697 என்பது 2015இல் ஹெட்போன் துளை சேர்த்து வந்தது. 2016இல் வந்த 1708, 2020இல் வந்த 1914 ஆகியவற்றில்தான் ப்ளூடூத் இருக்கிறது.

சீட்டு கிழிந்திருந்தாலோ, அதன் மேல் நம்பிக்கை வராவிட்டாலோ, முகப்பைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். நடுவில் எக்ஸ் வடிவ லோகோ உள்ள பொத்தான் இருக்கிறதல்லவா, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை நகத்தால் தடவிப் பாருங்கள். அது முகப்புத் தகட்டோடு ஒரே துண்டாக, இடையில் கோடு இல்லாமல் இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேல் ஓரத்துப் பொத்தான்களோடு சேர்ந்த, பளபளப்பான தனித் துண்டாக இருந்து, முகப்போடு சேருமிடத்தில் நகம் ஒரு கோட்டில் மாட்டினால் ப்ளூடூத் இல்லை. கடையில் நின்றபடியே பத்து நொடியில் செய்துவிடக்கூடிய சோதனை இது.

அப்படியானால் விளக்கு ஏன் மின்னுகிறது என்று கேட்பீர்கள். மக்களை ஏமாற்றுவது அந்த விளக்குதான். ப்ளூடூத் இல்லாத பழைய மாடலிலும் மேல் ஓரத்தில் இணைப்புப் பொத்தான் உண்டு. அதை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் லோகோ வேகமாக மின்னவும் செய்யும். ஆனால் அது தேடுவது உங்கள் போனையோ டிவியையோ அல்ல. மைக்ரோசாஃப்ட் தனக்கென்று வைத்துக்கொண்ட வேறொரு ரேடியோ முறையில் பேசும் எக்ஸ்பாக்ஸ் பெட்டியைத்தான் அது தேடிக்கொண்டிருக்கிறது. கன்னடம் மட்டுமே தெரிந்தவரிடம் தமிழில் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பயனில்லை அல்லவா? அதே காரணத்தால்தான் 900 ரூபாய் ப்ளூடூத் டாங்கிளும் உங்களுக்கு உதவாது. உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே ப்ளூடூத் இருக்கிறது. இன்னொன்றைச் சொருகினால் லேப்டாப்புக்கு இரண்டு ப்ளூடூத் ஆகுமே தவிர, கன்ட்ரோலருக்கு ஒன்றுகூட வந்துவிடாது. எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் என்று மைக்ரோசாஃப்டே ஒரு குச்சியை விற்கிறது. அது இந்த மாடல்களோடு வேலை செய்யும், எட்டுக் கன்ட்ரோலர்கள் வரை தாங்கும். இரண்டும் பார்ப்பதற்கு யுஎஸ்பி குச்சிகள்தாம் என்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றின் பெயரைச் சொல்லி விற்பது எளிதாக இருக்கிறது.

டிரைவர் விஷயத்தில் கடைக்காரர் சொல்வது ஒரே ஒரு சூழ்நிலையில் உண்மை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலருக்குத் தனி டிரைவர் தேவைதான். 2014இல் மைக்ரோசாஃப்ட் அதை இலவசமாகவே வெளியிட்டது. ஆனால் அந்த டிரைவர் கேபிள் வழியாக இணைப்பதற்கானது. அதை ஏற்றினாலும் ப்ளூடூத் இல்லாத கன்ட்ரோலரில் ப்ளூடூத் முளைக்காது. உங்களுடையது விண்டோஸ் 10 என்கிறீர்கள். அதற்கு இந்தக் கன்ட்ரோலரை ஏற்கெனவே தெரியும். கேபிளைச் சொருகினால் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். எனவே உங்கள் வீட்டில் அந்த விதிவிலக்குக்கு இடமில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், "டிரைவர் போடணும்" என்ற சொல்லைக் கேட்டதும் படித்தவர்கள்கூடப் பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள் என்பதுதான். என்னிடம் பழுதுபார்க்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர், ஒரே மாதத்தில் இரண்டு முறை அப்படிப் பணம் கொடுத்திருந்தார். அவர் கையிலிருந்த கன்ட்ரோலரைத் திருப்பி, செல்களை எடுத்து, 1697 என்ற எண்ணைக் காட்டியபோது அவர் முகம் வாடியதை இன்னும் மறக்க முடியவில்லை.

கேபிளை எடுத்ததும் அடுத்த பொறி காத்திருக்கிறது. இந்தப் பழைய மாடல்களுக்கு மைக்ரோ யுஎஸ்பி கேபிள் வேண்டும். ஆனால் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும் கேபிள்களில் பல சார்ஜ் மட்டுமே ஏற்றுபவை. அப்படி ஒன்றை நான் பட்டறையில் அறுத்துப் பார்த்தேன்: உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரண்டே கம்பிகள். செய்தியைக் கொண்டுசெல்லும் பச்சையும் வெள்ளையும் அதில் போடப்படவே இல்லை. வெளியுறையிலோ இரண்டு வகைக்கும் வித்தியாசமில்லை. அந்தக் கேபிளைச் சொருகினால் விளக்கு எரியும், லேப்டாப் மட்டும் வாய் திறக்காது. உடனே கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று குப்பையில் போடுபவர்களும் உண்டு. அந்த முனை பொருந்தும் பழைய போன் ஏதாவது வீட்டில் இருந்தால், அதை அதே கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனிலுள்ள படங்கள் லேப்டாப்பில் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் கேபிள் நல்லது. தெரியாவிட்டால், "டேட்டா கேபிள்" என்று அழுத்திக் கேட்டு, கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

இனி உங்கள் மருமகனின் பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலருக்கு வருவோம். போனில் சேர்ந்தது, லேப்டாப்பிலும் சேர்ந்தது, ஆனால் கேமில் அசையவில்லை என்றால் இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. இணைப்பு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதே குழப்பத்தின் வேர். கன்ட்ரோலர் பேசுவது லேப்டாப்பின் காதில் விழுவது ஒன்று. அந்தப் பேச்சு கேமுக்குப் புரிவது வேறு. எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005ஆம் ஆண்டையொட்டி மைக்ரோசாஃப்ட் வகுத்த ஒரு முறையில்தான் விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை கன்ட்ரோலரின் பேச்சை எதிர்பார்க்கின்றன. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரோ வேறு முறையில் பேசுகிறது.

இதை வீட்டிலேயே உறுதிசெய்யலாம். விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சிறிய கட்டம் திறக்கும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று இருந்தால் அதைத் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸ் உள்ளே போய், கன்ட்ரோலரின் ஒவ்வொரு பொத்தானாக அழுத்துங்கள். எண்கள் எழுதிய சிவப்பு வட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தால் ப்ளூடூத், லேப்டாப், கன்ட்ரோலர் மூன்றும் நலம். கேமுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டும்தான் தேவை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டீம் செயலியே அந்த வேலையைச் செய்யும்; அதன் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கான ஆதரவை இயக்கிவிடுங்கள். ஸ்டீமில் வாங்காத கேமாக இருந்தாலும், அதை ஸ்டீம் நூலகத்தில் சேர்த்து அங்கிருந்து திறக்கலாம். வேறு மொழிபெயர்ப்புச் செயலிகளும் உண்டு. ஆனால் இரண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒருமுறை அழுத்திய பொத்தான் இருமுறை அழுத்தியதாகக் கேமுக்குப் போய்ச் சேரும். ஏதாவது ஒன்று போதும்.

இந்தக் கன்ட்ரோலரில் இன்னொரு சங்கடம் விரைவில் உங்கள் வீட்டில் எழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் கடைசியாகச் சேர்ந்த கருவியைத்தான் நினைவில் வைத்திருக்கும். நடுவிலுள்ள பிஎஸ் பொத்தானை மட்டும் அழுத்தினால் அது அந்தக் கருவியையே கூப்பிடும். புதிய கருவியில் சேர்க்க வேண்டுமானால், ஷேர் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, முன்பக்க விளக்கு இரட்டை இரட்டையாக வேகமாக மின்னும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அப்போது முன்பு சேர்ந்த போனின் ப்ளூடூத்தை அணைத்துவையுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பில் சேர்க்கிறோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்து அறையிலுள்ள போன் அதைப் பிடித்துக்கொள்ளும். மருமகன் திரும்ப வாங்கிச் சென்று தன் பிளேஸ்டேஷனில் ஓடவில்லை என்று வருந்தினால், ஒருமுறை டேட்டா கேபிளில் பெட்டியோடு இணைத்து பிஎஸ் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பழைய உறவு திரும்பிவிடும். எதற்கும் மசியாவிட்டால், பின்புறம் எல்2 பொத்தானுக்கு அருகில் ஒரு சிறு துளை இருக்கிறது; குண்டூசியால் அதனுள் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் மறந்து புதிதாகத் தொடங்கும்.

ப்ளூடூத் உள்ள கன்ட்ரோலரை டிவியில் சேர்ப்பதும் போனில் சேர்ப்பது போலத்தான். அமைப்புகளில் ரிமோட், துணைக்கருவிகள் பகுதியில் தேட வேண்டும். சேர்ந்த பிறகு நடுநடுவே விட்டுவிட்டுப் போகிறது என்றால் முதலில் கன்ட்ரோலரை முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள். செல் போடும் வகையானால் புதிய செல்லை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வைஃபையைக் கவனியுங்கள். ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் பல வீடுகளில் அதிலேயே ஓடுகிறது. அல்சூர் போன்ற சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் நம் வீட்டுக்குள்ளேயே பத்துப் பதினைந்து வைஃபை பெயர்கள் தெரிகின்றன. டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். குச்சி வகை ரிசீவர் உள்ள கன்ட்ரோலரானால், அதை நீல நிற யுஎஸ்பி 3 துளையில் சொருகாதீர்கள். அந்தத் துளை வேகமாக இயங்கும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகிறது.

எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி கன்ட்ரோலர் வரும் அட்டைப்பெட்டியின் மேல் எம்ஆர்பி அச்சிட வேண்டும், இறக்குமதியாளரின் முகவரி அச்சிட வேண்டும். வாங்குபவருக்கு மிகவும் தேவையான ஒரே செய்தி, அதாவது இது எந்தக் கருவியோடு பேசும், எதனோடு பேசாது என்பது, சாதாரண மனிதருக்குப் புரியும்படி பெட்டியின் முகப்பில் இருப்பதில்லை. வயர்லெஸ் என்று மட்டும் பெரிதாகப் போட்டுவிடுகிறார்கள். எந்த வயர்லெஸ் என்பதை வாங்குபவரே தேடி அறிய வேண்டியிருக்கிறது. தயாரிக்கும் நிறுவனங்கள் ஆளுக்கொரு வேலி போட்டுக்கொள்ள, அந்த வேலிகளுக்கு நடுவிலுள்ள சந்தில்தான் 600 ரூபாய் டிரைவர் வியாபாரம் செழிக்கிறது. பழைய பொருளில் பெட்டியும் கிடையாது. விற்பவரின் வாய்ச்சொல்தான் விவரக்குறிப்பு.

ஆகவே நீங்கள் அந்தக் கடைக்கு மீண்டும் போகும்போது சண்டை பிடிக்காமல், மாடல் எண்ணைப் படமெடுத்துக் கொண்டுபோய், "ப்ளூடூத் என்று சொல்லித்தான் விற்றீர்கள், இதில் இல்லை, 1708 அல்லது 1914 மாற்றிக் கொடுங்கள், வித்தியாசத்தைத் தருகிறேன்" என்று கேளுங்கள். மாற்றித் தந்தால், அங்கேயே உங்கள் போனின் ப்ளூடூத் பட்டியலில் 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்ற பெயர் வந்து, சேர்ந்து, பொத்தான்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே வெளியே வாருங்கள். சீட்டை யாரும் அச்சடித்து ஒட்டலாம், போனின் பட்டியலை அப்படி மாற்ற முடியாது. லேப்டாப்பையும் கொண்டுபோயிருந்தால், கட்டைவிரலால் தள்ளும் இரண்டு அசைகுச்சிகளையும் தொடாமல் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்து, முன்பு சொன்ன ஜே, ஓ, ஒய் சோதனைத் திரையில் புள்ளி தானாக நகர்கிறதா என்பதையும் பாருங்கள். நகர்ந்தால் அசைகுச்சி தேய்ந்திருக்கிறது, வேறு கேளுங்கள். பில்லில் "ப்ளூடூத் உள்ளது" என்று எழுதி வாங்குங்கள். பில் கையில் இருந்து கடைக்காரர் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். பில் இல்லாவிட்டால் உங்கள் பேச்சை நிரூபிப்பது கடினம்.

அவர் மாற்றித் தர மறுத்தாலும் அந்தக் கன்ட்ரோலர் வீண் அல்ல. நல்ல டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் செல்கூடத் தேவைப்படாது. லோகோ மின்னாமல் நிலையாக எரியும். முன்பு சொன்ன ஜே, ஓ, ஒய் பட்டியலிலும் பெயர் வந்துவிடும். மேசையிலிருந்து நாற்காலிவரை தாராளமாக எட்டும்படி இரண்டு மீட்டர் கேபிளாக வாங்குங்கள். குட்டையான கேபிளை இழுத்து இழுத்து விளையாடினால் மைக்ரோ யுஎஸ்பி துளைதான் முதலில் தளரும்.