மீன் அனுப்பும் பெட்டிகளில் சென்சார் வைத்தும் ஏன் பலன் தெரியவில்லை? வியாபாரிகளுக்குத் தொழில்நுட்பம் புரியாததுதான் காரணமா?

புரியாமல் இல்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் பதினோரு வருடமாக மீன் வாங்கி, ஐஸ் போட்டுத் தூத்துக்குடிக்கு அனுப்புகிறேன். போன வருடம் நாங்கள் சரக்கு கொடுக்கும் கம்பெனி நாலு கருவிகள் தந்தது. தீப்பெட்டி அளவு, அதிலிருந்து ஒரு ஒயர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியின் வெப்பநிலையை போனுக்கு அனுப்பும்.

முதல் லோடில் எங்கள் பையன் ஒயரின் முனையை ஐஸுக்குள் சொருகிவிட்டான். வழி நெடுக பூஜ்யம் டிகிரி. அங்கே போய்த் திறந்தால் மேல் வரிசை சூரை தொளதொளவென்று கிடந்தது, செவுளைத் தூக்கினால் சிவப்பே இல்லை, பழுப்பு. கருவி பொய் சொல்லவில்லை. ஐஸின் சூட்டைச் சொன்னது, மீனின் சூட்டை அல்ல. இப்போது மேல் வரிசையில் இரண்டு மீனுக்கு நடுவே வைக்கிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் கடலிலேயே தொடங்கிவிடுகிறது. சூரை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். அமெரிக்க விதிகள் 4.4 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வது இதனால்தான். உருவானபின் ஐஸ் போட்டாலும் போகாது, சமைத்தாலும் போகாது. நாட்டுப்படகில் ஐஸ் பற்றாமல் மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த மீன் என் ஷெட்டுக்கு வந்தபிறகுதான் கருவி கணக்கெழுதத் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது அதற்கு எப்படித் தெரியும்?

உப்புக்காற்றில் சார்ஜ் போடும் முனை பச்சை பூத்துவிடுகிறது, வழியில் சிக்னலும் விட்டுவிட்டுத்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஓடாது, ஆனாலும் சிம்முக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இதெல்லாம் கூடச் சமாளிக்கலாம்.

காசு விஷயம்தான் மனதை வருத்துகிறது. வெப்பநிலை ஏறியிருந்தால் கம்பெனி விலையைக் குறைக்கிறது. வழி முழுக்கச் சரியாக இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வருவதில்லை. அப்புறம் கருவிக்கு சார்ஜ் போட யாருக்கு மனசு வரும்? நல்ல கணக்கு வந்த லோடுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அதைப் படகுக்காரர்களின் ஐஸுக்கே கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை இரண்டு படகுக்கு என் செலவில் ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு படகின் சூரை இதுவரை ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை.