அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?

இந்திய மகளிர் ஹாக்கி அணிக்கு ஷோர்டு மரைன் மறுபடியும் தலைமைப் பயிற்சியாளராக வருகிறார் என்று 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அவருக்குத் துணையாக, ஆட்டத்தை அலசிச் சொல்லும் பயிற்சியாளராக அர்ஜென்டினாவின் முன்னாள் நடுக்கள வீரர் மத்தியாஸ் விலா வருகிறார். மரைனைப் பற்றி நிறையக் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் விலாவைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சு.

தங்கச்சி, தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அது செய்தி. பக்கத்தில் நிற்கும் ஆளுக்காக எங்கள் டீக்கடையில் ஏன் இவ்வளவு சண்டை? அவர் அப்படி என்னதான் செய்துவிடுவார்?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி*

சண்டை போட வேண்டிய விஷயம்தான் அண்ணாச்சி. தலைமைக் கோச் அணியை எடுப்பார், யார் எங்கே ஆட வேண்டும் என்று முடிவு செய்வார், தோற்றால் பதில் சொல்வார். பக்கத்தில் இருப்பவருக்கு வேறு வேலை. எதிரணியின் பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவர்கள் பந்தை எந்தப் பக்கமாக வெளியே எடுக்கிறார்கள், அழுத்தம் வந்தால் எந்த வீராங்கனை தடுமாறுகிறார், பெனால்ட்டி கார்னரில் யார் எங்கே ஓடுகிறார் என்று கண்டுபிடித்து, அதை நம் பிள்ளைகளின் காலுக்கும் கைக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

பெனால்ட்டி கார்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தை 'டி' என்போம், அதற்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு இது. கோல்போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து ஒருத்தி தள்ளிவிடுகிறாள். 'டி'க்கு வெளியே ஒருத்தி நிறுத்துகிறாள். மூன்றாமவள் டிராக் ஃபிளிக் செய்கிறாள், அதாவது பந்தை மட்டையோடு இழுத்துவந்து கோலை நோக்கி வீசுகிறாள். ஓங்கி அடித்தால், முதல் அடியில் பந்து கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரத்துக்குள், அதாவது 460 மில்லிமீட்டருக்குள், கோல்கோட்டைத் தாண்ட வேண்டும். ஃபிளிக் என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, மேல்மூலைக்கே தூக்கிவிடலாம். தடுப்பவர்கள் கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர்தான். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்த ஐந்து பேரில் முதலில் ஓடிவருகிறவள் முகக்கவசம் போட்டுக்கொண்டு நேராகப் பந்தின் பாதைக்குள்ளேயே ஓடிவருவாள். தள்ளிய பந்து கோலை நோக்கிக் கிளம்ப இரண்டு விநாடி ஆகாது. அதற்குள் ஃபிளிக் அடிப்பவளின் தோள் எந்தப் பக்கம் திரும்பும் என்று இவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தைய நாள் இரவே யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால்தான் தெரியும். அந்த 'யாராவது'தான் நீங்கள் கேட்ட ஆள்.

மரைன் முன்பு கோச்சாக இருந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கால் இறுதியை நினைத்துப் பாருங்கள். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றுவிட்டு, அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று எப்படியோ உள்ளே வந்தது நம் அணி. எதிரே ஆஸ்திரேலியா. 22-வது நிமிடத்தில் கிடைத்த பெனால்ட்டி கார்னரை குர்ஜித் கவுர் கோலாக்கினார். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் கார்னர் மேல் கார்னர். ஒன்றும் உள்ளே போகவில்லை. 1-0. எல்லாரும் கோல்கீப்பர் சவிதாவைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு முன்னால் ஓடிய கால்கள் ஒவ்வொன்றும் எங்கே ஓடுவதென்று முன்பே தெரிந்து ஓடின. அன்று மரைனுக்குப் பக்கத்தில் இருந்த அலசல் பயிற்சியாளர் யானெக் ஷாப்மேன்.

அக்கா, ஒரு வீடியோவையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாமே? உங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?
*– கல்லூரி மாணவி, திருச்சி*

இருந்தது தங்கம். லேப்டாப் இல்லை, கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தது.

நான் வலது பக்கம் தடுத்து ஆடும் ரைட் ஹாஃபாக ஆடிக்கொண்டிருந்த நாளில் எங்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளராக ஒரு டீச்சர் இருந்தார். சரளைத் தரை. மாலையில் பந்து உருண்டால் பின்னாலேயே புழுதி எழும்பும். மற்றவர்கள் கோட்டோரம் நின்று கத்துவார்கள். டீச்சர் மட்டும் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் கல் திண்டில் உட்கார்ந்து பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் ஒரு லெஃப்ட் விங் பெண் என்னை ஐந்து தடவை தாண்டிப் போய்விட்டாள். வேகம் போதவில்லை என்று பெரிய கோச் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து உட்கார்ந்ததும் டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஐந்து புள்ளி, ஐந்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டிக் கோடு. "உன் இடது காலு முன்னாடியே திரும்பிருது புள்ள. அதப் பாத்துட்டுத்தான் அவ இந்தப் பக்கம் வெட்டுதா. ஓட்டத்துல ஒண்ணும் கொறையில்ல" என்றார். பிறகு என் ஷூவின் முனையைக் கையால் பிடித்து அரை அடி உள்ளே நகர்த்தி வைத்தார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண் என்னை ஒரு தடவைகூடத் தாண்டவில்லை.

வீடியோ இன்று எல்லாரிடமும் இருக்கிறது. ஐந்து தடவையும் நடந்தது ஒரே தவறு என்று பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்ததை அந்தப் பிள்ளை ஏற்றுக்கொள்கிற மாதிரிச் சொல்லவும் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம்.

நம் நாட்டில் ஆளே இல்லையா? அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவர வேண்டுமா? மொழிக்கு என்ன செய்வார்கள்?
*– வங்கி ஊழியர், மதுரை*

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி என்னிடமும் இருக்கிறது. உங்கள் ஊரிலும் சென்னையிலும் 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததே, அதில் ஆடிய நம் பையன்கள் அணிக்குக் கோச் யார்? நம் ஸ்ரீஜேஷ். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று அடிவாங்கிய பிள்ளைகளைத் தேற்றி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் 2-0 என்று பின்தங்கிய பிறகும் அர்ஜென்டினாவை 4-2 என்று வெல்ல வைத்தார். 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் நம் பாஸ்கரன், பிறகு இந்திய அணிக்கே பயிற்சி கொடுத்தவர். ஆளே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் விலாவை நான் எதிர்க்கவில்லை. டோக்கியோ அரை இறுதியில் நம் பெண்களை 2-1 என்று வென்றது அர்ஜென்டினாதான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நெருக்கடியிலிருந்து நெளிந்து வெளியேறுவது அவர்கள் ஊர்க் கலை. நம் பெண்கள் நெருக்கடி வந்ததும் பந்தை முன்னால் அடித்துத் துரத்துகிறார்கள். அதைத் திருத்த அந்த மண்ணில் வளர்ந்தவர் வந்தால் நல்லதுதான்.

மொழி பெரிய கேள்வி. ஹரியானா, ஜார்க்கண்ட், ஒடிசா, மிசோரம் என்று நாலா பக்கத்துப் பிள்ளைகள். கால் பகுதிக்கும் கால் பகுதிக்கும் நடுவே 2 நிமிடம்தான் இடைவேளை. கோச் ஆங்கிலத்தில் சொல்லி, மூத்த வீராங்கனை இந்தியில் சொல்லி, அது கடைசியில் நிற்கும் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். அதனால் விலாவுக்குப் பக்கத்தில் ஒரு இந்தியப் பெண் பயிற்சியாளர் முதல் நாளிலிருந்தே நிற்க வேண்டும். மொழிபெயர்க்க மட்டும் இல்லை. காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

தலைமைக் கோச் போனால் கூட வந்த எல்லாரும் போய்விடுகிறார்கள். நாம் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம். இதற்கு முடிவே இல்லையா அக்கா?
*– உடற்கல்வி ஆசிரியை, அரியலூர்*

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன். நான் சொல்ல நினைத்ததெல்லாம் இதற்குள் இருக்கிறது.

2023 உலகக் கோப்பையில் நம் ஆண்கள் அணி நியூசிலாந்திடம் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோற்று கால் இறுதிக்குக்கூடப் போகவில்லை. தலைமைக் கோச் கிரஹாம் ரீட் விலகினார். அவரோடு அலசல் பயிற்சியாளர் கிரெக் கிளார்க்கும், உடற்பயிற்சியைப் பார்த்துக்கொண்டவரும் சேர்ந்தே போனார்கள். அதே உலகக் கோப்பைக்கு முன்னால் டிராக் ஃபிளிக் சொல்லிக்கொடுக்க நெதர்லாந்தின் பிராம் லோமன்ஸை முகாமுக்கு வரவழைத்தார்கள். பெரிய கைக்காரர்தான். ஆனால் சில நாள் முகாமில் ஒரு ஃபிளிக்கரின் கை மாறாது. அந்தத் தொடரில் நம் பெனால்ட்டி கார்னர்கள் நம்மை ஏமாற்றின.

இப்போது இன்னொருவரைப் பாருங்கள். 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை ஆஸ்திரேலியா 6-1 என்று நொறுக்கியபோது மூன்று கோல் போட்டவர் கிறிஸ் சிரியெல்லோ. அதே ஆண்டு காமன்வெல்த் இறுதியில் நமக்கு எதிராகவும் மூன்று போட்டார். அவர் 2018-இல் நம் அணிக்கே பயிற்சியாளராக வந்தார். இரண்டு ஆண்டுக்கும் மேல் இருந்தார். உடல்நிலை காரணமாக 2020-இல் போய்விட்டார், டோக்கியோவைப் பார்க்கவில்லை. ஆனால் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் வாங்கிய ஆட்டத்தில், 3-1 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் 3-3 ஆக்கிய இரண்டு கோலும் பெனால்ட்டி கார்னரில் வந்தவை. ஹர்திக் சிங் ஒன்று, ஹர்மன்பிரீத் ஒன்று. ஆள் போன பிறகும் அவர் கொடுத்தது பிள்ளைகளின் கையில் இருந்தது என்றுதான் நான் நம்புகிறேன்.

எங்கள் டீச்சரை மறு வருடமே மாற்றினார்கள். யாரோ சிபாரிசோடு வந்தார், அவ்வளவுதான். டீச்சர் அழவில்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு நோட்டு இருந்ததே தெரியாது. அந்த வருடம் நாங்கள் அதே தவறுகளால் அதே அணிகளிடம் தோற்றோம். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதனால்தான் விலாவுக்குப் பக்கத்தில் நம் பெண் ஒருத்தி நிற்க வேண்டும் என்கிறேன். ஆடி ஓய்ந்த எத்தனையோ வீராங்கனைகள் ரயில்வேயிலும் போலீசிலும் இருக்கிறார்கள். இரண்டு பேரை அழைத்து, அவர் பார்க்கும் ஒவ்வொரு ஆட்டத்தையும் கூட உட்கார்ந்து பார்க்க வையுங்கள். ஆண்கள் அணியில் ஷிவேந்திர சிங் பல ஆண்டாக உதவிப் பயிற்சியாளராக இருக்கிறார். ரீட் போனார், அவர் இடத்துக்குக் கிரெய்க் ஃபுல்டன் வந்தார், ஷிவேந்திரா இருந்தார். முன்கள ஆட்டத்தின் நினைவு அணியை விட்டுப் போகவில்லை. பெண்கள் அணிக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

விலாவே நாளைக்குத் தலைமைப் பதவிக்கு ஆசைப்பட்டால்?
*– வாசகர், தூத்துக்குடி*

ஆசைப்படட்டுமே. ஃபுல்டன் டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் உதவிப் பயிற்சியாளர். அங்கே கற்றதை வைத்துத்தான் பாரிஸில் நமக்கு வெண்கலம் வாங்கிக்கொடுத்தார். ஷாப்மேனும் உதவியாளராக வந்து 2021-இல் தலைமைக்கு வந்தவர். 2022 காமன்வெல்த்தில் வெண்கலம், ஆசியப் போட்டியிலும் வெண்கலம். ராஞ்சியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் 1-0 என்று தோற்று பாரிஸ் வாய்ப்புப் போனதும் அவரும் போனார். பெண் என்பதால் தனக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே பேசிவிட்டுப் போனார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச்சில் ஹைதராபாதில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. நானும் தோழிகளும் போகிறோம். புதியவர் வந்ததால் மாற்றம் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?
*– பொறியியல் மாணவி, கோவை*

இரண்டு மாதத்தில் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். கோல் எண்ணிக்கையை வைத்து அவரை எடை போடவும் வேண்டாம். நடு கேலரியில் உட்காராமல் ஒரு கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இடம் பிடியுங்கள். நமக்கு எதிராகப் பெனால்ட்டி கார்னர் கிடைத்ததும் பந்தைப் பார்க்காமல், முதலில் ஓடும் நம் பெண்ணின் முதல் மூன்று எட்டை மட்டும் பாருங்கள். தயங்கி ஓடுகிறாளா, தெரிந்து ஓடுகிறாளா என்று அந்த மூன்று எட்டில் தெரிந்துவிடும். பிறகு இடைவேளையில் பெஞ்சைக் கவனியுங்கள். விலா பேசும்போது அவர் பக்கத்தில் நம் பெண் யாராவது குறிப்பு எடுத்துக்கொண்டு நிற்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.