நர்ஸ் வேலையை தொழிலா மாத்துனது நைட்டிங்கேல் மட்டுமா?

"நர்சிங் ஒரு தொழில்னு ஆனதுக்கு காரணம் இங்கிலாந்து நர்ஸ் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்தானே"ன்னு கேட்டிருக்கீங்க. பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு அந்தம்மாவே குறுக்க நின்னாங்க, அதை யாரும் ஸ்கூல்ல சொல்லித் தரமாட்டாங்க.

1854ல கிரிமியா சண்டைல காயம்பட்ட சிப்பாய்களைப் பாக்க 38 நர்ஸுகளோட போனது, 1860ல லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில ட்ரெய்னிங் ஸ்கூல் வந்தது எல்லாம் பெரிய விஷயந்தான், ஆனா அதுக்கு முன்னாடியே ஜெர்மனில கைசர்ஸ்வெர்த்ங்கற ஊர்ல 1836லயே ஒரு பாதிரியார் நர்ஸ் ட்ரெய்னிங்கை ஆரம்பிச்சிட்டாரு, நைட்டிங்கேலே அங்க போய் படிச்சவங்கதான்.

சண்டை அதுக்குப் பிறகுதான். டாக்டருக்கு ரிஜிஸ்டர், அதாவது யாரெல்லாம் டாக்டர்னு சட்டப்படி ஒரு லிஸ்ட், இருக்கு, எங்களுக்கும் வேணும், பரீட்சை எழுதி பாஸானவங்கதான் நர்ஸுன்னு சட்டம் போடுங்கன்னு 1887ல இங்கிலாந்துல எதெல் ஃபென்விக்னு ஒரு நர்ஸம்மா கிளம்புனாங்க. நைட்டிங்கேல் ஒத்துக்கவே இல்ல. நல்ல குணத்தை பரீட்சை வச்சு அளக்க முடியுமாங்கறது அவங்க கட்சி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா குணத்தை மட்டும் பாத்தா சம்பளம் எவன் கூட்டித் தருவான்? நியூசிலாந்து 1901லயே சட்டம் போட்டுட்டு, இங்கிலாந்துல 1919 ஆயிட்டு, அப்போ நைட்டிங்கேல் உசுரோட இல்ல.

நம்ம பக்கம் வருவோம். மெட்ராஸ் ஜி.எச்.ல 1871ல ட்ரெய்னிங் ஆரம்பிச்சாச்சு, நர்ஸ், மிட்வைஃப் ரிஜிஸ்ட்ரேஷன் சட்டம் மெட்ராஸ் மாகாணத்துல 1926லயே வந்துட்டு, டெல்லில இந்தியா முழுசுக்கும் நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது 1947லதான். நம்ம பழைய திருநெல்வேலி ஜில்லால நாசரேத், பாளையங்கோட்டைன்னு மிஷன் ஸ்கூல் இருந்த ஊர்லேருந்துதான் பிள்ளைக முதல்ல இதுக்குப் போச்சுக, ஏன்னா எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொம்பளப்பிள்ளைக அங்கதான் அதிகம், மத்த வீடுகள்ல வேத்து ஆம்பள உடம்பைத் தொடணும், எந்த சாதின்னு பாக்காம பெட்பேன் எடுக்கணும்னதும் வாசப்படிய தாண்ட விடமாட்டாவ. எங்க அத்தை கவர்மெண்ட் ஸ்டாஃப் நர்ஸ். அவுக படிக்கப் போகும்போது "நைட் டூட்டி பாக்குத பிள்ளையை எவம்ல கட்டுவான்"ன்னு ஆச்சி ஒரே சத்தமாம். இப்போ அதே தெருவுல நர்ஸ் பொண்ணா பாருங்கன்னு தரகர்ட்ட சொல்லி வைக்காவ! மனசு மாறிட்டுன்னு நான் நம்பமாட்டேன், ரிஜிஸ்டர் நம்பர், அதை வச்சு கிடைச்ச கவர்மெண்ட் சம்பளம், பென்ஷன், அதுதான் மாத்துச்சு.

அதுக்காக ரிஜிஸ்டர் ரொம்ப நியாயமானதுன்னும் சொல்ல வரல. ஊருக்குள்ள தலைமுறையா பிரசவம் பாத்த மருத்துவச்சிக, பெரும்பாலும் முடிவெட்டுற சமூகத்துப் பொம்பளைக, கைநாட்டு, பரீட்சை எங்க எழுத? படிச்ச மிட்வைஃப் வர வர அவங்க பொழப்பு போச்சு. பிரசவத்துல சாவு குறையணும்னா ட்ரெய்னிங் வேணுங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அவங்களையும் உக்கார வச்சு சொல்லிக் குடுத்து அந்த லிஸ்ட்டுக்குள்ள கொண்டு வந்திருக்கலாம்.