அரசியல் அறிவியலா, சர்வதேச உறவுகளா? பட்டப்படிப்பில் எதை எடுப்பது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ கலைப் பிரிவு படிக்கிறாள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரியாக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு 'சர்வதேச உறவுகள்' பட்டப்படிப்பில்தான் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அந்தப் படிப்பு இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. அரசியல் அறிவியல் இருக்கிறது. கடன் வாங்கியாவது தனியார் பல்கலைக்கழகத்திலேயே சேர்க்கலாமா? இதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா?
— ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: கடன் வாங்க வேண்டாம் அம்மா. உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. ஆனால் அந்த ஆசைக்கும் அந்தக் கட்டணத்துக்கும் அவள் நினைக்கிற அளவுக்குத் தொடர்பில்லை.

ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு என்று தனித் தேர்வு கிடையாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எழுதுகிற அதே யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான். 21 வயதும், அங்கீகரிக்கப்பட்ட ஏதாவது ஒரு பட்டமும் இருந்தால் போதும். பட்டத்தில் என்ன பெயர் அச்சாகியிருக்கிறது என்பதற்கு மதிப்பெண் இல்லை. தேர்வானவர்களுக்கு டெல்லியில் உள்ள சுஷ்மா ஸ்வராஜ் வெளியுறவுப் பணி நிறுவனத்தில் அரசே பயிற்சி தருகிறது; ஒரு வெளிநாட்டு மொழியையும் கற்றுக்கொள்ள வைக்கிறது.

இன்னொன்று, நம் நாட்டில் சர்வதேச உறவுகள் பெரும்பாலும் முதுகலையில் படிக்கிற பாடமாகவே வளர்ந்திருக்கிறது. இத்துறையில் பெயர் பெற்றது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் படிப்புகள் புலம். 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி, பிறகு ஜே.என்.யூ.வோடு இணைந்த அந்தப் புலத்தில் முக்கியமாக நடப்பவை எம்.ஏ.வும் ஆராய்ச்சியும்தான். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த எம்.ஏ. இருக்கிறது. பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்துவிட்டு இவற்றில் போய்ச் சேரலாம். அந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து. அரசு என்றால் என்ன, இறையாண்மை யாரிடம் இருக்கிறது, அரசியலமைப்பு யாருக்கு என்ன அதிகாரம் தருகிறது என்பதெல்லாம் தெரியாமல் வெளியுறவு பேசினால் அது டீக்கடைப் பேச்சோடு நின்றுவிடும்.

கச்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் மேடையில் அது 'யார் தாரை வார்த்தார்கள்' என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. வகுப்பில் நல்ல ஆசிரியர், இந்தியாவும் இலங்கையும் 1974-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வாசகத்தையே கையில் கொடுத்துவிடுவார். ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு விசாவோ பயண ஆவணமோ தேவையில்லை என்கிறது. அங்கே மீன்பிடிக்கலாம் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடற்பரப்பில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. அது மீன்பிடி உரிமையா, வெறும் போக்குவரத்து உரிமையா? மாணவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடுவார்கள். அப்புறம் 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதம் வரும். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடல் எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

விஷயம் அதோடு முடியாது. இந்திய நிலப்பகுதியை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று, மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்னது. அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு அப்படித் திருத்தம் எதுவும் செய்யவில்லையே என்று கேட்டால், அது இந்தியப் பகுதியே அல்ல, உரிமை முடிவாகாத பகுதி, அதனால் 'கொடுத்தோம்' என்ற பேச்சே எழாது என்பது மத்திய அரசின் வாதம். ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்தப் புள்ளியில்தான். அடுத்து, 1974-ல் டெல்லி ஏன் கொழும்போடு இணக்கமாகப் போக விரும்பியது? வங்கதேசப் போர் நடந்த 1971-ல் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றதை டெல்லி மறந்திருக்க முடியாது. கடைசியாக, ராமேஸ்வரம் மீனவரின் வாழ்வைப் பாதிக்கும் ஒப்பந்தத்தில் மாநில அரசுக்கு என்ன குரல் இருக்கிறது என்ற கூட்டாட்சிக் கேள்வியும் வந்துவிடும். சட்டம், கூட்டாட்சி, வெளியுறவு, கடல் எல்லை எல்லாம் ஒரு சின்னத் தீவுக்குள் இருக்கின்றன. பி.ஏ. அரசியல் அறிவியல் பயில்வது என்றால் இப்படிப் படிக்கப் பழகுவதுதான். இதற்கு லட்சங்கள் தேவையில்லை.

தனியார் பல்கலைக்கழகங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சிலவற்றில் சிறிய வகுப்புகள், நல்ல நூலகம், வெளிநாட்டு ஆசிரியர்கள் என எல்லாம் உண்டு. முழு உதவித்தொகை கிடைத்தால் தாராளமாக அனுப்புங்கள்.

இனி, உங்கள் வீட்டுக்கு மிக முக்கியமான ஒரு விஷயம். டி.என்.பி.எஸ்.சி. பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்தப் பணிக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். உங்கள் மகள் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழி என்றால், பட்டப்படிப்பை ஆங்கிலவழியில் எடுத்த உடனே குரூப் 1, குரூப் 2 போன்ற பட்டதாரிப் பணிகளில் அந்த வாய்ப்பு போய்விடும். சேர்க்கை நேரத்தில் இதை யாரும் சொல்வதில்லை. நான்கு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டு கலங்கி நிற்கிற பிள்ளைகள் நிறைய.

ஆனால் சர்வதேச உறவுகளில் படிக்க வேண்டியது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. என்ன செய்வது? குடும்பத்துக்குச் சீக்கிரம் ஒரு நிலையான வருமானம் வேண்டும் என்றால் தமிழ்வழியில் சேருங்கள். ஆங்கிலத்தை அவள் வகுப்புக்கு வெளியே வளர்த்துக்கொள்ளட்டும். தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் பத்து வரியில் எழுதிப் பார்த்தால் மூன்று ஆண்டில் நன்றாகவே கைவந்துவிடும். யு.பி.எஸ்.சி. மெயின்ஸை (முதன்மைத் தேர்வு) தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலத் தாளில் 300-க்கு 25 சதவீதம் எடுத்துத் தேறிவிட வேண்டும். மெயின்ஸில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' என்று ஒரு விருப்பப்பாடமே இருக்கிறது. இரண்டு தாள், 500 மதிப்பெண். பி.ஏ.வில் ஒழுங்காகப் படித்தவருக்கு அந்தப் பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் பழகியதாகவே இருக்கும்.

வீட்டை விட்டு அனுப்பத் தயார் என்றால் டெல்லி பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே பி.ஏ. ஆனர்ஸ் அரசியல் அறிவியல் மிக வலுவான படிப்பு; கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சேர்க்கை க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) வழியாக. தமிழிலும் எழுதலாம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கும் கடைசித் தேதி முடிந்துவிடும் என்பதுதான் நம் மாவட்டப் பிள்ளைகள் பலர் தவறவிடுகிற இடம். பிளஸ் டூவில் படித்த பாடங்களையே க்யூட்டிலும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று டெல்லி பல்கலைக்கழகம் கேட்கும். க்யூட் எழுதிய பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகவும் பதிவு செய்ய வேண்டும். அங்கே பாடம் நடப்பது ஆங்கிலத்தில் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, வேலை? பி.ஏ. அரசியல் அறிவியல் முடித்த கையோடு கேம்பஸில் வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பட்டம் அடுத்த படிக்கு ஏறுவதற்கு. மூன்றாண்டு எல்.எல்.பி. ஒரு வழி. எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் முனைவர் பட்ட ஆய்வின்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பட்டதாரிகள் சுமார் ஓராண்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆய்வு உதவியாளராக இருக்கும் 'லாம்ப்' ஃபெலோஷிப்பை டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு நடத்துகிறது. 25 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கேள்வி நேரக் கேள்விகள் எப்படித் தயாராகின்றன என்பதை உள்ளே இருந்து பார்க்கலாம்.

உங்கள் மகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு பற்றி. அதன் வழியாக வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேரலாம். எந்தப் பட்டமும் போதும். ஐ.எஃப்.எஸ். அதிகாரி பதவி அல்ல. ஆனால் இந்தியத் தூதரகங்களில் பணி மாற்றலாகிப் போகிற வேலை. குடிமைப் பணித் தேர்வில் ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு ஆண்டுதோறும் எடுப்பது சில பத்துப் பேரைத்தான். அந்த ஒன்றை மட்டும் நம்பிப் பல ஆண்டுகளைச் செலவிடாமல், இதையும் சேர்த்து எழுதட்டும்.

அரசுக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம் தொடங்கும் முன் ஒருநாள் அந்தக் கல்லூரிக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், எந்தப் பயிற்று மொழியில் வகுப்பு நடக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் போன வருடம் முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், சேரும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளியை விட்டு வருமுன் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழையும் தலைமையாசிரியரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.