வீட்டுக் கடன் பாக்கி இருக்கும்போது ரிவர்ஸ் மார்ட்கேஜ் கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. கோவையில் எங்கள் வீடு 80 லட்சம் போகும். வீட்டுக் கடனில் இன்னும் 5 லட்சம் பாக்கி, மாதத் தவணை 14,000 ரூபாய். பென்ஷன் இல்லை, எஃப்.டி.யில் 9 லட்சம் இருக்கிறது. கடன் முடியும் முன்பே ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்கலாமா?

பதில்: ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்பது மூத்த குடிமக்கள் சொந்த வீட்டை அடமானம் வைத்து, அதிலேயே குடியிருந்தபடி வங்கியிடம் மாதாமாதம் பணம் வாங்கும் கடன்; உயிரோடு இருக்கும் வரை திருப்பிக் கட்ட வேண்டாம். உங்கள் கேள்விக்கு விதிப்படி வழி இருக்கிறது. ரிவர்ஸ் மார்ட்கேஜ் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று தேசிய வீட்டுவசதி வங்கி சொல்லும் பட்டியலில், அதே வீட்டின் மேல் உள்ள பழைய கடனை அடைப்பதும் உண்டு. ஆனால் வீடு வில்லங்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. அதனால் கிளைக்குப் போனால், "முதலில் கடனை முடித்துவிட்டு வாங்க சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். கடன் கொடுத்த வங்கியிலேயே கேட்டால் கொஞ்சம் சுலபம்.

கிடைத்தாலும் அப்படி வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கணக்கைப் பாருங்கள். வீட்டு மதிப்பில் 50 சதவீதம், அதாவது 40 லட்சம் தகுதி என்று வைப்போம் (இது வயதையும் வங்கியையும் பொறுத்து மாறும்). 15 ஆண்டு, 10 சதவீத வட்டி. இந்த 40 லட்சம் உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல; கடைசி வரை ஏறும் வட்டியும் அதற்குள் அடக்கம். ஆகவே மாதம் கிடைப்பது சுமார் 9,650 ரூபாய். இதில் முதல் நாளே 5 லட்சத்தை எடுத்துப் பழைய கடனை அடைத்தால், அந்த 5 லட்சம் 15 ஆண்டில் 22 லட்சத்துக்கு மேல் வளர்ந்துவிடும். மிச்சத் தகுதிக்கு மாதம் 4,280 ரூபாய்தான் வரும். பாதிக்கு மேல் போச்சு!

அதற்குப் பதில் எஃப்.டி.யில் 5 லட்சத்தை உடைத்துக் கடனை முடியுங்கள், பிறகு ரிவர்ஸ் மார்ட்கேஜுக்கு விண்ணப்பியுங்கள். 7 சதவீதம் என்றாலும் அதில் நீங்கள் இழப்பது மாதம் 2,900 ரூபாய் வட்டிதான். முன்கூட்டி உடைப்பதால் கொஞ்சம் பிடித்தம் இருக்கும், பரவாயில்லை. மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. மீதி 4 லட்சத்தில் கை வைக்காதீர்கள், அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு.

கடன் முடிந்ததும் அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி இது. பத்திரம் கைக்கு வந்தால் போதாது, கடன் வாங்கும்போது எம்.ஓ.டி. (பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும், புது விண்ணப்பம் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

அப்புறம், மகனோ மகளோ பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கடனில் மட்டும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது வேறு விஷயம், கடனோடு முடிந்துவிடும். மனைவியைக் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். 55 வயது தாண்டியிருப்பதால் தடை இல்லை. 15 ஆண்டுக்குப் பிறகு மாதப் பணம் நின்றாலும், உங்களில் ஒருவர் இருக்கும் வரை அந்த வீட்டிலேயே குடியிருக்கலாம்.