ஊட்டி காட்டேஜில் மெத்தைப் புள்ளி, இரவுக் கடி: கொசுவா மூட்டைப்பூச்சியா?

காட்டேஜ் மெத்தையில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதாகவும், இரவில் கடிப்பதாகவும், உரிமையாளர் 'கொசுதான்' என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் உங்கள் பயணப் பெட்டியைக் கட்டிலிலிருந்து எடுத்துக் குளியலறை டைல்ஸ் தரையில் வையுங்கள். அடுத்து, உரிமையாளருக்கு புக்கிங் ஆப் வழியாகவே இன்றே எழுதுங்கள். போனில் பேசியது ஆதாரமாகாது. ஏர்பிஎன்பி (தங்கும் வீடுகளை புக் செய்யும் ஆப்) என்றால், பிரச்சினையைக் கண்டுபிடித்த 72 மணி நேரத்துக்குள் புகார் போயிருக்க வேண்டும்.

'கொசுதான்' என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன கறுப்புப் புள்ளிகள் மெத்தைத் தையலோரம் இருந்தால், பெரும்பாலும் மூட்டைப்பூச்சியின் எச்சம்.

1. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து முதலில் படம் எடுங்கள்.
2. பிறகு ஈரத்துணியால் தேயுங்கள். மை போலப் பழுப்புச் சிவப்பாகப் பரவினால் சந்தேகம் உறுதி. பரவாவிட்டால் பூஞ்சையாக இருக்கலாம். மலை வீடுகளில் அதுவும் சகஜம்.
3. தலைமாட்டுப் பலகையின் பின்புறம், கட்டில் இணைப்புகளில் டார்ச் அடியுங்கள். வளர்ந்த பூச்சி சுமார் 5 மி.மீ., ஆப்பிள் விதை அளவு.

கடித் தழும்பை மட்டும் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்காதீர்கள். சிலருக்குச் சில நாள் கழித்தே தடிக்கும்; முந்தைய விடுதியில் கடித்ததாகவும் இருக்கலாம்.

ஸ்ப்ரே வேண்டாம், பூச்சி சிதறி அடுத்த அறைக்குப் போகும். துணிகளைப் பையில் இறுகக் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.